திறனாளர் மேலாண்மையில் தெரிந்தெடுத்தலும் வளர்த்தெடுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

திறனாளரை வெளியிலிருந்து பெறுவதா, நிறுவனத்துக்குள்ளேயே வளர்த்தெடுப்பதா என்பது பணியமர்த்துவோர் எதிர்கொள்ளும் அடிப்படை வினாவாகும். திறன் என்பது தனிமனிதரின் உடைமை என்ற கருதுகோளின் மீது எழுந்த உத்திகள் எவ்விடத்தில் பிழைபட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பணிச்சூழலிலிருந்து திறனைப் பிரித்தெடுக்க இயலாது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: திறனாளர் மேலாண்மை, கட்டாயத் தரவரிசை, மனித மூலதனம், பணிப்பயிற்சி, தெரிந்துவினையாடல்.

முன்னுரை

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தமக்குத் தேவையான மேலாளர்களைத் தாமே உருவாக்கிக்கொண்டன. கல்லூரியிலிருந்து நேரே வந்தவர் பல துறைகளில் மாறிமாறிப் பணியாற்றி, படிப்படியாக உயர்ந்து, அந்நிறுவனத்திலேயே ஓய்வு பெற்றார். 1980களின் ஆட்குறைப்பு இவ்வமைப்பைச் சிதைத்தது. மேலாளர்களை வளர்த்துவந்த துறைகளே முதலில் மூடப்பட்டன. அடுத்த பத்தாண்டில் பொருளாதாரம் விரிவடைந்தபோது உள்ளே ஆளில்லை. ஆகவே அனைவரும் வெளியே தேடினர். 1997இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் இந்நிலைக்குத் 'திறனாளருக்கான போர்' எனப் பெயரிட்டது. 2001இல் அப்பெயரிலேயே ஒரு நூலும் வெளிவந்தது. திறனாளர் மேலாண்மை என்னும் தொடர் மனிதவளத் துறையில் பரவலாக வழங்கத் தொடங்கியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

போர் என்னும் உருவகமே சிக்கலின் தொடக்கம் எனலாம். நிலத்தைப் போலத் திறனும் வரம்புக்குட்பட்டது, ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பார் என்னும் எண்ணம் அதில் பொதிந்துள்ளது. அந்நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியிலேயே, இக்கொள்கையின் முன்மாதிரியாகப் போற்றப்பட்ட என்ரான் நிறுவனம் திவாலானது. அதற்குக் கணக்கு மோசடியே நேர்க்காரணம். திறனாளர் கொள்கையை மட்டும் குற்றம் சாட்டுவது பொருந்தாது. எனினும், அறிவாளிகள் எனக் கருதப்பட்டோருக்குக் கட்டற்ற உரிமை அளித்து, அவர்தம் செயலைக் கண்காணிக்காமல் விட்டதை மால்கம் கிளாட்வெல் 2002இல் எழுதிய கட்டுரை சுட்டிக்காட்டியது.

இடம்பெயரும்போது திறன் என்னாகிறது?

திறன் தனிமனிதரின் உடைமையாயின், அவர் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்ல வேண்டும். இதனை அளந்தறிவது எளிதன்று. ஒருவருடைய பணித்தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு அளவுகோலால் மதிப்பிடப்படுவதே இதற்குக் காரணம். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த போரிஸ் குரோய்ஸ்பெர்க் இத்தடையைக் கடக்க ஒரு வழி கண்டார். வால் தெருவின் பங்குச்சந்தைப் பகுப்பாய்வாளர்களை 'இன்ஸ்டிடியூஷனல் இன்வெஸ்டர்' இதழ் ஆண்டுதோறும் தரவரிசைப்படுத்தி வந்தது. அத்தரவரிசை நிறுவனத்தைச் சாராதது. ஆகவே ஒரே ஆளை, இடம் மாறுவதற்கு முன்னும் பின்னும், ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தது.

1988 முதல் 1996 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னணிப் பகுப்பாய்வாளர்களைப் பற்றிய தரவுகளை அவர் ஆராய்ந்தார். நிறுவனம் மாறியவர்களுள் 46 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டில் பின்தங்கினர். சராசரியாக 20 விழுக்காடு அளவுக்குச் செயல்திறன் குறைந்தது. ஐந்தாண்டுகள் கழிந்தும் பழைய நிலை திரும்பவில்லை. அறிவோ உழைப்போ ஒரே நாளில் குறைந்துவிடுவதில்லை. குறைந்தது வேறு: ஐயம் எழுந்தால் கேட்கத்தக்க உடன்பணியாளர், தரவுகளைத் திரட்டித் தரும் உதவியாளர், வாடிக்கையாளரிடம் நிறுவனத்தின் பெயருக்கிருந்த மதிப்பு, எந்தச் செய்தியை எவரிடம் கேட்பது என்னும் பழக்கம். இவையனைத்தும் பழைய அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. தம் குழுவையும் உடனழைத்துச் சென்றவர்களுக்கு இழப்பு குறைவாக இருந்தது என்பதும் இதனையே உறுதிப்படுத்துகிறது.

இவ்வாய்வில் மற்றொரு முடிவு சிறப்பாகக் கருதத்தக்கது. பெண் பகுப்பாய்வாளர்கள் இடம் மாறியபோது ஆண்களைப்போல் பின்னடையவில்லை. ஆண்களின் உட்குழுக்களில் இடம் கிடைக்காத நிலையில், அவர்கள் வாடிக்கையாளரோடும் தாம் ஆராய்ந்த நிறுவனங்களோடும் நேரடி உறவுகளை வளர்த்திருந்தனர். அவ்வுறவுகள் அவர்களோடு பெயர்ந்தன. ஒதுக்கப்பட்டதன் விளைவு இடம் மாறுகையில் துணையாயிற்று எனினும், அது ஒதுக்கலுக்கு நியாயமாகாது.

தெளிதலும் வினையாடலும்

மேலைநாட்டு மேலாண்மைக் கோட்பாடு ஒவ்வொன்றையும் வள்ளுவர் முன்னரே கூறிவிட்டார் என நிறுவும் கட்டுரைகள் நம்மிடையே மிகுதி. அவ்வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பது இங்கு நோக்கமன்று. பொருட்பால் முன்னிறுத்தும் அரசன் இன்றைய பணியமர்த்துவோர் அல்லர். ஆயினும் அதிகார வைப்புமுறை ஒன்றைக் காட்டுகிறது. ஆளை ஆராய்ந்து தேர்வதற்குத் 'தெரிந்துதெளிதல்' (51), தேர்ந்தவரைப் பணியில் ஈடுபடுத்துவதற்குத் 'தெரிந்துவினையாடல்' (52) என இரு தனி அதிகாரங்கள் அமைந்துள்ளன. எவ்வளவு சோதித்துத் தேர்ந்தாலும் செயலின் தன்மையால் வேறுபடுவோர் பலர் என்னும் கருத்து முந்தைய அதிகாரத்தில் இல்லை. பிந்தையதில், 514ஆம் குறளில், இடம்பெறுகிறது. தேர்வில் நேர்ந்த பிழையாக மட்டும் அது நோக்கப்படவில்லை என இதனைக் கொள்ளலாம்.

தெளிந்தவர்மீது பின்னர் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்கிறது 510ஆம் குறள். ஜாக் வெல்ச் தலைமையில் (1981–2001) ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் பின்பற்றிய முறை இதற்கு நேர்மாறானது. மேலாளர் ஒவ்வொருவரும் தம் கீழுள்ளோரை ஆண்டுதோறும் மேல் 20, நடு 70, கீழ் 10 விழுக்காடு எனப் பகுத்தாக வேண்டும். கடைப்பகுதியினர் வெளியேற நேரும். முதலிரண்டு ஆண்டுகளில் உண்மையாகவே பொருந்தாதவர் நீங்கலாம். அதன்பின் பத்துப்பேர் கொண்ட நல்ல குழுவிலும் ஒருவரைக் கடையராக்கியே தீர வேண்டும். திறமையானவர் திறமையானவரோடு சேர்ந்து பணிபுரியத் தயங்குவார். தாமறிந்ததைப் பிறருக்குக் கற்பிப்பது தமக்கே கேடாகும். குரோய்ஸ்பெர்க் கண்ட அந்தச் சூழலையே இம்முறை அரித்துவிடுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013இல் இத்தகைய தரவரிசையைக் கைவிட்டது.

வளர்த்தெடுத்தலின் செலவு

அவ்வாறாயின் எல்லா நிறுவனங்களும் ஏன் தம் ஆட்களைத் தாமே வளர்ப்பதில்லை? கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்னும் நூலில் இதற்கு விடையுண்டு. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுப்பயிற்சிக்குப் பணியமர்த்துவோர் செலவிட்டால், பயிற்சி பெற்றவரைப் போட்டி நிறுவனம் கூடுதல் ஊதியம் தந்து ஈர்த்துக்கொள்ளும். ஆதலின் அச்செலவைக் குறைந்த ஊதியத்தின் வாயிலாகப் பணியாளரே ஏற்க நேரிடும் என்பது அவர் கருத்து. பீட்டர் கப்பெல்லி 2008இல் இதனைச் சரக்கிருப்பு மேலாண்மையோடு ஒப்பிட்டு, உறுதியாகத் தேவைப்படும் அளவுக்கு உள்ளே வளர்த்து, எஞ்சியதை வெளியே பெறுவதே தக்கது என்றார்.

தமிழ்நாட்டில் சோஹோ நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி வேறொரு வழியைக் காட்டுகிறது. மேனிலைப் பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்தவர்களைத் தேர்ந்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் அளித்து, நிரலாக்கமும் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்துப் பணியில் சேர்த்துக்கொள்கிறது. கல்லூரிப் பட்டம் என்னும் வடிகட்டியில் நின்றுவிடும் மாணவர்களை இம்முறை எட்டுகிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைந்ததன் பொருளும் அதனோடு இணைந்தது. ஆனால் இதனை எல்லாருக்கும் பரிந்துரைக்க இயலாது. சோஹோ தன் சொந்த மென்பொருளை விற்பது, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதது, பலனுக்காகக் காத்திருக்கக் கூடியது. வாடிக்கையாளரின் ஒப்பந்தத்துக்கேற்ப ஆளனுப்பும் நிறுவனத்துக்கு, பயிற்சியில் அமர்ந்திருப்பவர் ஒவ்வொருவரும் அக்காலாண்டின் செலவாவர்.

காத்திருக்க இயலாதோர் நாடுவது பணிப்பிணைப் பத்திரத்தையே. பணியிலிருந்து விலகிய பின்னர் ஒருவர் பிறரிடம் வேலை செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 27ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. பணிக்காலத்துக்குரிய கட்டுப்பாடு வேறு. மூன்றாண்டுகளுக்குள் விலகினால் இரண்டு இலட்ச ரூபாய் செலுத்த வேண்டும் என்னும் நிபந்தனையை விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது. பொதுத்துறை வங்கி மீண்டும் விளம்பரம் செய்து, போட்டித் தேர்வுமுறையின்படி ஆளெடுக்கும் செலவை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அங்கு இழப்பாகக் கணக்கிடப்பட்டது தெரிந்தெடுத்தலின் செலவே. அவ்வலுவலகத்தில் பழகி, பிறருக்குக் கற்பிக்கும் நிலையை எட்டியிருந்த ஒருவர் நீங்குவதால் குழுவுக்கு ஏற்படும் இழப்பு அக்கணக்கில் இடம்பெறவில்லை. அதனை அளப்பதற்கு வால் தெருவின் தரவரிசை போன்றதோர் அளவுகோலும் நம் வங்கிகளிடம் இல்லை.