வாய் நாற்றம் வயிற்றிலிருந்தா வருகிறது?



வாய் நாற்றம் உள்ளவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. அவருடைய மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடுகிறது. அருகில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் சொல்லத் தயங்கி, சற்றுத் தள்ளி உட்காருகிறார்கள். அவரோ காரணம் புரியாமல் மனம் வருந்துகிறார்.

"வயிறு சரியில்லை" என்று பலர் பேதி மருந்து சாப்பிடுகிறார்கள். உண்மையில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாயிலேயே இருக்கிறது. நாக்கின் பின்பகுதியிலும் பல் இடுக்குகளிலும் தங்கும் உணவுத் துணுக்குகளைக் கிருமிகள் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டையில் வீசும் வாயுவும் அவற்றில் ஒன்று. உமிழ்நீர் இவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அது குறைவதால்தான் காலையில் எல்லாருக்கும் வாடை வருகிறது. உபவாச நாட்களிலும் அப்படியே.

நாக்கு வழிக்கும் நல்ல பழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் முன்பகுதியை மட்டும் வழித்து விட்டுவிடுகிறோம். நாக்கை நன்றாக நீட்டி, பின்னாலிருந்து முன்னாக மெதுவாக வழிக்க வேண்டும். இரவில் படுக்குமுன் பல் துலக்குவது மிகவும் முக்கியம். சாம்பல், செங்கல் பொடி வேண்டாம், பல் தேயும். பல்செட் உள்ளவர்கள் இரவில் அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஏலக்காயும் கிராம்பும் சிறிது நேரம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

ஈறில் இரத்தம் கசிந்தால் பலர் அந்த இடத்தைத் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. அழுக்கு சேர்ந்து, காரை படிந்து, ஈறு விலகி, கடைசியில் பல் ஆடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் முற்றும். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். படிந்த காரையைப் பல் மருத்துவர்தான் எடுக்க முடியும். "சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்ற பயம் வீண். பல்லை ஆட்டுவது ஈறு நோயே.

சில அடையாளங்களை அலட்சியம் செய்யக்கூடாது. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ இருக்கலாம். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடையும், கூடவே வாந்தியும் சோர்வும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். புகையிலை போடுகிறவரின் வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், அது புற்றுநோயா என்று பரிசோதித்தே ஆக வேண்டும்.

உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் மழுப்பினாலும் சிறு பிள்ளைகள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.