மடிக்கணினிக்கு ஒரு பலகை

விசிறிக்குக் கொடுத்த மின்சாரம் காற்றாகிறது. விளக்குக்குக் கொடுத்தது வெளிச்சமாகிறது. மோட்டாருக்குக் கொடுத்ததற்கு மாடித் தொட்டியில் நிறைந்த தண்ணீர் கணக்குச் சொல்கிறது. கணினி என்னும் யந்திரமோ, எத்தனையோ கோடிக் கணக்குகளை இமைப்பொழுதில் போட்டு முடித்தாலும், அந்தக் கணக்குகளில் மின்சாரத்தின் சக்தி எதுவும் தங்கிவிடுவதில்லையாதலால், தான் உண்ட மின்சாரத்தை அநேகமாக முழுவதும் உஷ்ணமாகவே திருப்பித் தருகிறது. சாதாரண எழுத்து வேலைக்குரிய மடிக்கணினியின் பிராசஸர் 15 வாட் அளவுக்கும், கனமான வேலைகளுக்கென்று செய்யப்பட்டது 45 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் கேட்கும். இவ்வளவும் ஒரு தபால்தலையின் பரப்புக்குள் அடங்கிவிடக்கூடிய சிலிக்கன் வில்லையில் நிகழ்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த யந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வேலை செய்கிறவர்கள், அந்த உஷ்ணம் எந்த வழியாக எங்கே போகிறது என்று ஒருமுறையேனும் விசாரித்து அறிந்துகொள்வது அவசியமாகிறது.

அது போகும் வழி மிக்க அறிவோடு வகுக்கப்பட்ட வழி. சிலிக்கன் வில்லையின் முதுகில் தெர்மல் பேஸ்ட் என்னும் சாம்பல் நிறக் களிம்பை மெல்லிசாகப் பூசி, அதன்மேல் ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். தகட்டிலிருந்து ஒரு தட்டையான செப்புக் குழாய் யந்திரத்தின் ஓரம்வரை ஓடும். குழாயின் முடிவில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோக இதழ்களும், அவற்றினூடே காற்றைத் தள்ளும் ஒரு சிறு விசிறியும் இருக்கும். இவற்றுள் செப்புக் குழாயைப் பார்ப்பவர்கள் அதைக் கெட்டிக் கம்பி என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அதன் உள்ளே சிறிதளவு தண்ணீர் இருக்கிறது. காற்றை அகற்றிவிட்டு மூடியிருப்பதால், அந்தத் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு கீழான உஷ்ணத்திலேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு விரைந்து, சோற்றுப்பானை மூடியின் உட்புறத்தில் நீராவி முத்துமுத்தாகக் கோத்துக்கொள்வதுபோல அங்கே மறுபடியும் நீராகி, சுமந்து வந்த உஷ்ணத்தை இறக்கிவைத்துவிட்டு, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகளின் வழியே தானாகவே ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. பம்பு இல்லை, வால்வு இல்லை. ஆண்டுக்கணக்காக இந்தப் போக்குவரத்து நின்றபாடும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்ளர் 1944-இல் இத்தகைய சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அது பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் அதே தத்துவத்தைத் தாமாகவே கண்டு செய்துகாட்டிய பிறகுதான் விண்கலங்களிலும், காலக்கிரமத்தில் நம் மடியிலும் இடம் பெற்றது.

விண்வெளியைப் பற்றிய பேச்சு வந்ததால் இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1982-இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்னும் மடக்குக் கணினி, மெக்னீசியக் கலவையால் ஆன தன் உடம்பின் வாயிலாகவே உஷ்ணத்தை வெளியேற்றி வந்தது. அதை அமெரிக்க விண்வெளி ஓடத்தில் ஏற்றிச் செல்ல நினைத்தபோது, அதற்குத் தனியாக ஒரு விசிறியைச் சேர்க்க நேர்ந்தது. ஏனெனில் எடையற்ற அந்த வெளியில் சூடான காற்று மேலே எழும்புவதில்லை, சூடேறிய பொருளைச் சுற்றி அங்கேயே தங்கிவிடும். காற்று நகர்ந்தால்தான் யந்திரம் குளிரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி மடிக்கு வருவோம். பெரும்பாலான மடிக்கணினிகள் தங்களுக்கு வேண்டிய குளிர்ந்த காற்றை அடிப்பக்கத்துச் சல்லடைத் துவாரங்களின் வழியாக உள்ளே இழுத்து, பின்புறத்திலோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுகின்றன. அடியில் நான்கு மூலைகளிலும் ஒட்டியிருக்கும் ரப்பர்க் கால்களின் உயரம் சில மில்லிமீட்டர்களே. ஆனால் யந்திரம் சுவாசிப்பதற்கு அதன் கர்த்தாக்கள் ஒதுக்கிய இடம் அந்தச் சில மில்லிமீட்டர்கள்தான். மேசையின் சமமான பரப்பின்மேல் இருக்கும்வரை அந்த இடைவெளி பத்திரமாக இருக்கும். தொடையின் மேலோ, இலவம்பஞ்சு மெத்தையின் மேலோ, தலையணையின் மேலோ வைத்தவுடன் ரப்பர்க் கால்கள் துணிக்குள் புதைந்துவிட, வேட்டியோ போர்வையோ துவாரங்களோடு ஒட்டிக்கொள்ள, விசிறி வெறுமனே சுழல்கிறது. போதாக்குறைக்கு, மனித சரீரமே உஷ்ணமுள்ள பொருள். தொடையும் அதன்மேல் உள்ள துணியும் சேர்ந்து, யந்திரத்தின் அடிப்பாகத்துக்குக் கம்பளி போர்த்திய காரியத்தைச் செய்கின்றன. உஷ்ணம் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் யந்திரம் அணைந்துவிடுகிறது. கணினி பழசாகிவிட்டது, மந்தமாகிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டு புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர்களில் பலருக்கு, கையிலிருக்கும் யந்திரத்தை மெத்தையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாலே பாதி மந்தம் தெளிந்துவிடும் என்பது தெரியாமலே போகிறது.

யந்திரத்துக்கு நேர்வது இது. மனிதனுக்கு நேர்வதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஹென்ரிக்ஸ், மோரிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1947-இல் வெளியிட்டார்கள். 44 டிகிரி சூடு ஆறு மணி நேரம் படிந்திருந்தால் தோல் வெந்துவிடும். 49 டிகிரியானால் பத்து நிமிஷமே போதும். தொட்டால் சுடாத சூடும், விலகாமல் பட்டுக்கொண்டேயிருந்தால் புண்ணாக்கிவிடும் என்பது இதனால் விளங்குகிறது. ஸ்வீடன் தேசத்தில் ஐம்பது வயது விஞ்ஞானி ஒருவர், முழுவதும் உடையணிந்தபடியே, மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அறிக்கை எழுதியதன் விளைவாகத் தீப்புண் கண்டு அவதிப்பட்ட செய்தியை லான்செட் என்னும் மருத்துவ சஞ்சிகை 2002-இல் வெளியிட்டது. தீப்புண் இல்லாமலே தொடைத் தோலில் செம்பழுப்பு நிறத்தில் வலைபின்னிய தழும்பு படர்வதும் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, சில மாதங்கள் தினந்தோறும் மடியில் வைத்து விளையாடியதால் அத்தகைய தழும்பு ஏற்பட்டதை ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் எழுதினார்கள். மருத்துவர்களுக்கு இது புதிய நோயன்று. குளிர்தேசங்களில் கணப்படுப்பின் அருகே விடாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் கால்களில் முன்பெல்லாம் சகஜமாகக் கண்டதுதான். காஷ்மீரத்தில் பனிக்காலத்தில் நீண்ட அங்கியினுள்ளே காங்ரி என்னும் தணற்சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்களுக்கு, ஆண்டுகள் பல சென்றபின் அதே இடத்துத் தோலில் புற்றுநோய் தோன்றுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். மடிக்கணினியைத் தணற்சட்டியோடு சமமாக வைத்துப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. தழும்பு தோன்றிய உடனே சூட்டை விலக்கிவிட்டால் பெரும்பாலும் அது நாளடைவில் மங்கிவிடும். தெரிந்தும் அலட்சியமாக இருப்பதுதான் தகாது.

ஆண்களைப் பற்றிய விஷயம் ஒன்று உண்டு. கூச்சத்தினால் அதைப் பேசாமல் விடுவது உபகாரமாகாது. விந்து உற்பத்திக்கு, உடலின் மற்றப் பாகங்களைவிடச் சில டிகிரி குறைந்த உஷ்ணம் வேண்டும் என்பதனாலேயே இயற்கை அதற்குரிய உறுப்பை உடலுக்கு வெளியே வைத்திருக்கிறது. நியூயார்க் மாகாணத்தில் எபிம் ஷேங்கின் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், 29 இளைஞர்களை ஒரு மணி நேரம் மடிக்கணினியோடு உட்காரவைத்து அளந்து, விதைப்பையின் உஷ்ணம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை உயர்ந்ததை 2005-இல் வெளியிட்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கணினியே இல்லாமல் தொடைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதே 2.1 டிகிரி உயர்ந்திருந்தது. ஆகவே குற்றத்தின் பெரும்பங்கு உட்காரும் விதத்தையே சாரும். பின்னர் அவர்கள் மடித்திண்டு ஒன்றைக் கணினியின் அடியில் கொடுத்துப் பார்த்தபோது, தொடைகள் சேர்ந்திருக்கும்வரை அதனால் அதிகப் பிரயோஜனம் காணவில்லை. கால்களை நன்றாக அகற்றி உட்கார்ந்தபோதுதான் உஷ்ணம் மெதுவாக ஏறியது. இதனால் மலட்டுத்தன்மை வந்தே தீரும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. ஆயினும் குழந்தைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் ஆண்கள் கணினியை மடியில் வைக்காதிருப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில் சொன்னது நீங்கலாக, மற்றவற்றுக்குப் பரிகாரம் மிக எளியது. அதற்காகக் கடைக்குப் போக வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. கணினிக்கும் மடிக்கும் நடுவே சமமான, கெட்டியான ஒரு பலகை வேண்டும். அது கணினியைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை அட்டை சிறிய கணினிக்குப் போதும். பெரியதற்குத் தச்சரிடம் மிஞ்சிக் கிடக்கும் பிளைவுட் துண்டு போதும். வீட்டில் பழைய மணை இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. உஷ்ணத்தைக் கடத்துவதில் அலுமினியம் மரத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வல்லதாகையால், உலோகத் தட்டில் வைத்தால் சூடு தொடைக்கு இறங்கிவிடும். மரப்பலகை அதை மேலேயே நிறுத்திவிடும். ரப்பர்க் கால்கள் மறுபடியும் தரை கண்டு நிற்க, அடித்துவாரங்கள் திறந்துகொள்ளும். சம்மணம் கூட்டி உட்கார்ந்து, பலகையின் இரு ஓரங்களையும் இரண்டு முழங்கால்களின் மேல் தாங்கச் செய்தால், பலகைக்கும் மடிக்கும் நடுவிலும் காற்று உலவும்.

இந்த விஷயத்தில் நம் பெரியவர்கள் உபயோகித்த கணக்குப்பிள்ளை மேசையை நான் மிகவும் மதிக்கிறேன். மண்டிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் தரையில் உட்கார்ந்தபடியே பேரேடு எழுதுவதற்கென்று, பின்புறம் உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் சரிவாகச் செய்த அந்தப் பெட்டி மேசையில் மடிக்கணினியை வைத்துப் பார்த்தால், எழுதுகிறவரின் கைக்கு இதமான அதே சரிவு, யந்திரத்தின் பின்புறத்தையும் உயர்த்திக் கொடுப்பதைக் காணலாம். நழுவாமல் இருக்க முன்விளிம்பில் ஒரு சிறு மரச்சட்டத்தை அடித்துக்கொண்டால் போதும். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகள், மேசை நாற்காலி இல்லாத எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தன. அவ்வீடுகளுக்கு இப்படி ஒரு மேசையும் கூடவே கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதுண்டு. கடைகளில் விற்கும் கூலிங் பேட் என்னும் விசிறித் தட்டுக்கும் பயன் உண்டு. ஆனால் அதன் விசிறிகள், கணினி காற்றை இழுக்கும் துவாரங்களுக்கு நேர் கீழே அமைய வேண்டும். அவை எவை என்று அறியச் சிரமமில்லை: மெல்லிய காகித நறுக்கு ஒன்றைத் துவாரங்களின் அருகே பிடித்தால், காற்றை இழுக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும்; தள்ளும் இடத்தில் படபடக்கும்.

பலகை கொடுத்தும் விசிறி ஓயாமல் இரைந்தால் உள்ளே தூசி என்று கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவின் பழுதுபார்க்கும் கடைகளில், நெடுநாள் மெத்தைமேல் உழைத்த கணினி ஒன்றின் அடிமூடியைக் கழற்றும்போது அருகில் நின்று பார்க்க வேண்டும். விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் இடையில், போர்வையிலிருந்தும் தலையணையிலிருந்தும் இழுத்த பஞ்சு நாரும் தலைமயிரும் வீதிப் புழுதியும் ஒன்றாக அழுந்தி, விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டையாகப் பிடித்திருக்கும்; இடுக்கியால் அதன் ஒரு முனையைப் பற்றி இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்துவிடும். அதன் பின்னால் செப்பின் நிறமே அப்போதுதான் தெரியும். விசிறியின் இறகை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே தூசியை ஊத வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுப்போகும். களிம்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால், பழையதைத் துடைத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். இது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறையின் உஷ்ணம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, அநேகமாக அத்தனை டிகிரி பிராசஸரும் ஏறும். பல மடிக்கணினிகளை அவற்றைச் செய்தவர்களே 35 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் உபயோகிக்க வேண்டாம் என்கிறார்கள். 2003 மே 31-ஆம் தேதி சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. கத்திரி நாட்களில் நண்பகல் வேளையில் வீடியோ தொகுத்தல் போன்ற கனமான வேலைகளைத் தள்ளிவைத்து, சிக்கன மின்நிலையைத் தேர்ந்துகொண்டு, கணினித் திரையில் தேவையற்ற ஜன்னல்களை மூடிவிட்டால் உஷ்ணம் உற்பத்தியாவதே குறையும். ஈரத்துணியோ ஐஸ் பொட்டலமோ அடியில் வைப்பது கூடவே கூடாது. வியர்த்த நீர் உள்ளே கசிந்து, சூட்டினால் வராத கேட்டைக் கொண்டுவந்துவிடும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் தன் பங்குக்குச் சூடாகும். ஆகையால் அந்தச் சமயத்திலாவது கணினியை மடியிலிருந்து இறக்கிவிடுவது நல்லது. லித்தியம் அயான் பேட்டரிக்கு உஷ்ணம் பெரும்பகை; சூட்டிலேயே கிடந்தது சீக்கிரம் சக்தி இழக்கும். டெல் நிறுவனம் 2006-இல், தீப்பிடிக்கக்கூடும் என்ற ஐயத்தினால் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விசைப்பலகை நடுவில் மேடிட்டாலோ, மூடி சரியாக மூடாமல் நின்றாலோ, சமதரையில் வைத்த கணினி ஆடினாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அறிந்து, உடனே அணைத்து, சார்ஜர் இணைப்பை நீக்கி, அழுத்தவோ குத்தவோ செய்யாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்; மாற்றும்வரை அதை மீண்டும் மடியில் வைக்கலாகாது.