இங்கிலீஷுக்குள்ள ஒரு எட்டயபுரம்!

ஜி.ஆர்.இ. வேர்டு லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணி மண்டை காய்ஞ்சு கிடக்கிற மக்களே... 'பாலிகர்', 'பொல்லம்' தெரியுமா? ரெண்டுமே பக்கா இங்கிலீஷ் வார்த்தைகள். எந்த லிஸ்ட்லயும் வராது. ஆனா, அர்த்தம் உங்களுக்குத் தெரியும். பாளையக்காரர், பாளையம்!

1886-ல் யூலும் பர்னலும் கொண்டுவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியில் ரெண்டு பேரும் ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் வாயில் 'ளை' சிக்கி, 'க்கா' தேய்ந்து வந்த அவதாரங்கள். 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட சண்டைக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரே 'பாலிகர் வார்'தான். அவன் எழுதிய புத்தகங்களில் பாலிகர்னா கலகக்காரன், கொள்ளைக்காரன்.

இதுல ஒரு வேடிக்கை. எட்டயபுரம் அப்போ கம்பெனி பக்கம் நின்ன பாளையம். ஜெயிச்ச கட்சி! 1803-ல் ஜமீன்தாரி முறை வந்ததும் அவங்களும் பாலிகர் இல்லை, ஜமீன்தார். எதிர்த்தவனோட சேர்த்து, கூட நின்னவனுக்கும் அந்தப் பேரு மெள்ளக் காலி.

அப்படியே பஸ் பிடிச்சு தூத்துக்குடி போனா, 'சாங்க்'. நம்ம சங்குதான். 'கான்ச்'னு இன்னொரு வார்த்தை இருக்கே, அது லத்தீன் வழியா வந்த கிரேக்கச் சரக்கு. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணு, சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு. தற்செயலா? இல்லை பாஸ்! சமஸ்கிருத 'சங்க'வும் கிரேக்க 'கோங்கோஸ்'ஸும் ஒரே வேர் என்கிறார்கள் மொழியியல்காரர்கள். ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. மெட்ராஸ் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கு பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே ரெண்டு வார்த்தையும் இருக்கு. முத்துக்குளிப்பு 1961-க்கு அப்புறம் இங்கே நடக்கலை. சங்குக்கு மட்டும் இன்னும் ஆட்கள் கடலில் முங்குகிறார்கள். அது வங்காளத்துக்குப் போய் கல்யாணப் பொண்ணு கையில் வளையலாகுது. 'சாங்க்' என்ற வார்த்தையைத்தான் இங்கிலீஷ்காரனே மறந்துட்டான்.

சரி, 'கேஷ்'? இது டுபாக்கூர் சொந்தம்! பணம்னு நாம சொல்ற 'கேஷ்', பெட்டி என்ற அர்த்தமுள்ள பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. அதே எழுத்தில் இன்னொரு 'கேஷ்' இருந்துச்சு. நம்ம 'காசு' போர்ச்சுகீசியன் வாய்க்குள் போய் வந்தது. மெட்ராஸில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-ல் ரூபாய் வந்ததும் அந்த கேஷ் அம்பேல்.

ஸோ, கேன்டீன்ல 'கையில் கேஷ் இல்லை மச்சி'ன்னு எவனாவது எஸ்கேப் ஆனா, 'எந்த கேஷ்டா?'ன்னு கேளுங்க!