ஞாயித்துக்கிழமை மெக்கானிக்: மிச்சம் 1,416 ரூபாய், ரிஸ்க் எவ்வளவு?

கார் வாங்கும்போது இஎம்ஐ எவ்வளவுன்னு பைசா சுத்தமா கணக்குப் போடுறவங்ககூட, முதல் பெய்டு சர்வீஸ் பில் வந்ததும் ஒரு நிமிஷம் ஆடிப் போயிடுறாங்க. அன்னைக்கு ராத்திரியே யூடியூப்ல தேடல் ஆரம்பிச்சுடும். 12 நிமிஷ வீடியோ, ஒரு ஸ்பேனர், ஒரு பழைய பக்கெட். ஆயில் மாத்தியாச்சு, லேபர் சார்ஜ் மிச்சம். பார்க்க ரொம்ப சுலபமா இருக்கும்.

கார் வேலையை வீட்டுல செய்யாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. ஆனா அந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப்போகுது. நான் சிஏ, மெக்கானிக் இல்ல. அதனால அந்த ஒரு வரியைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல நல்ல பக்கத்தைப் பார்ப்போம். ஆயில் சேஞ்சுக்கு லேபர் 1,200 ரூபாய்னு வெச்சுக்குவோம். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 1,416. இதை நீங்களே செஞ்சா மிச்சமாகுற 1,416 ரூபாய்க்கு வரி கிடையாது. 30% ஸ்லாப்ல இருக்கிறவர் செஸ்ஸோட சேர்த்து 31.2% வரி கட்டுறார். அவர் கையில 1,416 ரூபாய் நிக்கணும்னா சுமார் 2,058 ரூபாய் சம்பாதிச்சாகணும். 20% ஸ்லாப்காரருக்கு அது சுமார் 1,788. அந்த வகையில உங்க சொந்த உழைப்பு வரியில்லாத வருமானம் மாதிரி. நம்ம நாட்டுல இப்படிக் கிடைக்கிறது அபூர்வம்!

ஒரு சின்ன குறிப்பு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. முன்னாடி பெரும்பாலான பாகங்களுக்கு 28% இருந்துச்சு. பழைய பில்லை வெச்சு "நானே பார்ட்ஸ் வாங்கினா இவ்ளோ மிச்சம்"னு கணக்குப் போட்டா தப்பா வரும். வரி குறைஞ்சது உங்களுக்கு மட்டும் இல்ல, சர்வீஸ் சென்டருக்கும்தான்.

இப்போ விட்டுப்போன வரிக்கு வருவோம்.

எஃப் அண்ட் ஓ பக்கம் தலை வெச்சுப் பார்த்தவங்களுக்கு ஆப்ஷன் ரைட்டிங் தெரிஞ்சிருக்கும். கையில வர்ற பிரீமியத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, நஷ்டத்துக்கு இல்ல. வீட்டுல கார் வேலை செய்றதும் அதே பொசிஷன்தான். எவ்வளவு பிரமாதமா ஆயில் மாத்தினாலும் உங்களுக்குக் கிடைக்கிறது 1,416 மட்டும்தான். தப்பாப் போனா எங்க போய் நிக்கும்னு அந்த 12 நிமிஷ வீடியோ சொல்லாது.

எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ற ஒரு தம்பி, செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை மத்தியானம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங்ல, எல்லாம் வீடியோவுல பார்த்தபடியே பண்ணார். ட்ரெயின் போல்ட் கொஞ்சம் அடம் பிடிச்சுது, ஆனா வந்துடுச்சு. ஆயில் முழுக்க வடிஞ்சது. புது வாஷர் போட்டு போல்ட்டை முடுக்கினார். கடைசி இறுக்கத்துல போல்ட் பிடிக்கவே இல்ல, சுத்திக்கிட்டே இருந்துச்சு. மரை போயிடுச்சு.

நிறைய கார்கள்ல ஆயில் சேம்பர் அலுமினியம், போல்ட் ஸ்டீல். இழுத்து முடுக்கினா எது தோக்கும்னு சொல்லத் தேவையில்ல. இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தத் தம்பி அதிகமா முடுக்கவே இல்ல. முன்னாடி எங்கேயோ யாரோ நீளமான ஸ்பேனரைப் போட்டு இறுக்கி, மரையைப் பாதி தின்னு வெச்சிருக்காங்க. பாக்கிப் பாதி இவர் கையில போச்சு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது முந்தைய மெக்கானிக்குகள் செஞ்சு வெச்சதையும் சேர்த்துத்தான் வாங்குறோம். எங்க பாஷையில சொன்னா கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி. பேலன்ஸ் ஷீட்ல தெரியாது, நோட்ஸ்ல ஒளிஞ்சிருக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு? ஆயில் இல்லாத இன்ஜினை ஸ்டார்ட் பண்ண முடியாது. பேஸ்மென்ட் உயரத்துக்கு டோ வண்டி உள்ள வராது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காது. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் ஆபீஸுக்கு கேப், 1,400 ரூபாய். மெக்கானிக் நேர்ல வந்து ஓட்டையைப் பெருசாக்கி, புது மரை போட்டு, அடுத்த சைஸ் போல்ட் மாட்டினார், 3,500 ரூபாய். மொத்தம் 4,900. வருஷத்துக்கு ஒரு ஆயில் சேஞ்ச்னு பார்த்தா மூணரை வருஷ மிச்சம் ஒரே மத்தியானத்துல காலி. இதுல அவர் வாங்கின ஜாக் ஸ்டாண்டையும் டார்க் ரெஞ்ச்சையும் நான் இன்னும் சேர்க்கவே இல்ல. டூல்ஸுக்கு ஒரு 7,000 ரூபாய் போனா அதைத் திரும்ப எடுக்கவே கிட்டத்தட்ட 5 வருஷம் ஆகும். அதுவும் ஒரு தடவைகூட எதுவும் தப்பாப் போகலைன்னா.

அதனால எந்த வேலையைத் தொடுறதுக்கு முன்னாடியும் நான் கேட்கச் சொல்ற கேள்வி, "எனக்கு இது தெரியுமா?" இல்ல. "நடுவுல நின்னுட்டா இந்த வண்டி ஓடுமா?"

ஏசி கேபின் ஃபில்டரை எடுத்துக்குங்க. பல கார்கள்ல டேஷ்போர்டு கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். மாத்தும்போது பிளாஸ்டிக் கிளிப் உடையலாம். வெயில்ல காஞ்ச பழைய கிளிப் பிஸ்கட் மாதிரி உடையும். உடைஞ்சா என்ன? கிளவ் பாக்ஸ் லொட லொடன்னு சத்தம் போடும், காலையில ஆபீஸ் போகலாம். இன்ஜின் ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, பெரும்பாலான கார்கள்ல ஹெட்லைட் பல்பு எல்லாமே இந்த ரகம்தான். நஷ்டத்துக்கும் உச்சவரம்பு இருக்கு. தாராளமா செய்யுங்க. டூல்ஸ் செலவும் பெருசா இல்ல.

பேட்டரி நடுவுல நிக்கிற கேஸ். நெகட்டிவ் முனையை முதல்ல கழட்டணும், கடைசியா மாட்டணும். பாசிட்டிவ்ல ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில பட்டா நேரா ஷார்ட் சர்க்யூட். கழட்டினதும் கடிகாரம், பவர் விண்டோ ஆட்டோ செட்டிங் அழியலாம். சில கார்கள்ல ஐடிலிங் கொஞ்ச நேரம் தடுமாறும். சாவியை உள்ள வெச்சுட்டு வேலை பார்த்தா கதவு லாக் ஆகுற வாய்ப்பும் இருக்கு, சாவி சட்டைப் பையில இருக்கட்டும். ஆனா இவ்வளவு பாடு எதுக்கு? பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்ச் கொடுத்தா விலையில கழிப்பாங்க, நிறைய டீலர்கள் வீட்டுக்கே வந்து இலவசமா மாட்டியும் கொடுக்குறாங்க. லேபரே இல்லாத இடத்துல என்னத்தை மிச்சம் பிடிக்கிறது?

புது கார் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே பதில்தான். பல கம்பெனிகள் முதல் மூணு சர்வீஸுக்கு லேபர் வாங்குறதில்ல.

நடுவுல நின்னா வண்டி நகராதுங்கிற ரகத்துல ஆயில் சேஞ்ச் முதல் இடம். மரை மட்டும் பிரச்சனை இல்ல. ஆயில் ஃபில்டரைக் கழட்டும்போது பழைய ரப்பர் கேஸ்கெட் இன்ஜின்லயே ஒட்டிக்கும். கவனிக்காம புது ஃபில்டரைப் போட்டா ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணதும் பிரஷர்ல ஆயில் பீய்ச்சி அடிக்கும். டேஷ்போர்டுல சிவப்பு ஆயில் லைட் வந்தா, "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்"னு நினைக்கக் கூடாது. அந்த இடத்துலயே ஆஃப். சின்ன பெட்ரோல் காருக்கு சுமார் 3 லிட்டர் ஆயில்தான் போடுறோம். அது வெளியேற நேரம் ஆகாது, அதுக்கப்புறம் பேச்சு 1,416-ல இல்ல, இன்ஜின் ஓவர்ஹால்ல.

கியர் ஆயில்ல இன்னொரு பொறி. மேனுவல் கியர்பாக்ஸ்ல ஆயில் ஊத்துற ஃபில்லர் போல்ட் வேற, வடிக்கிற போல்ட் வேற. எல்லாரும் முதல்ல வடிச்சுடுவாங்க. அப்புறம் ஃபில்லர் போல்ட் துரு பிடிச்சுத் திறக்காது, இல்லைன்னா அதோட தலை வழுக்கிடும். கியர்பாக்ஸ் காலி, ஊத்த வழியில்ல. அதனால ஃபில்லரை முதல்ல திறந்து பாருங்க. திறக்கலைன்னா மூடி வெச்சுட்டு அப்படியே மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போகலாம். பைசா செலவில்லாத ஹெட்ஜிங் இது!

பிரேக் விஷயத்துல நான் கணக்கே போட மாட்டேன். பேட் மாத்துறது வீடியோவுல ரொம்ப அழகா இருக்கும். புது பேட் தடிமனா இருக்கிறதால பிஸ்டனை உள்ள தள்ளணும். தள்ளும்போது மேல டேங்க்ல பிரேக் ஃப்ளூயிட் வழியலாம், அது பெயின்ட்டை அரிக்கும். எல்லாத்தையும் மாட்டிட்டு முதல் தடவை பெடலை அமுக்கினா அது நேரா தரைக்குப் போகும். நின்ன இடத்துலயே பலமுறை அமுக்கி இறுகின பிறகுதான் வண்டியை எடுக்கணும். இது தெரியாம ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி சுவரோ பக்கத்து வீட்டுக் குழந்தையோ, யார் கண்டா? எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற கார்ல பின்பக்க பேடுக்கு சர்வீஸ் மோடுல போடணும், சும்மா தள்ளினா மோட்டார் போகும். பழக்கமில்லாதவங்க பிரேக்கைத் தொட வேண்டாம்.

ஜாக்கும் அப்படித்தான். காரோட வர்ற ஜாக் டயர் மாத்த மட்டும். அதை மட்டும் நம்பி உடம்புல எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில போகக் கூடாது. சமதரை, சக்கரத்துக்கு அடைப்பு, ஜாக் ஸ்டாண்ட் மூணும் இல்லைன்னா அன்னைக்கு வேலை இல்ல. பேஸ்மென்ட் சரிவுல இதை முயற்சி பண்றவங்களைப் பார்த்திருக்கேன், வயித்தைக் கலக்கும்.

"இன்சூரன்ஸ் இருக்கே, சார்?" அதையும் பார்த்துடலாம். சாதாரண கார் பாலிசியோட ஓன் டேமேஜ் பகுதியில மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன், தேய்மானம், தொடர் நஷ்டம் எல்லாம் விலக்குப் பட்டியல்ல இருக்கு. ஃபில்டர் சரியா உட்காராம ஆயில் போய் இன்ஜின் சீஸ் ஆனா, அது விபத்து இல்ல. ஜீரோ டெப் போட்டிருக்கேன்னு சொன்னாலும் வேலைக்கு ஆகாது. அது தேய்மானக் கழிவை நீக்குற ஆட்-ஆன், பிரேக்டவுனை கவர் பண்றதில்ல. இன்ஜின் புரொடெக்ட் எடுத்திருந்தா அதோட நிபந்தனைகளை ஒரு தடவை முழுசா படிங்க.

வாரன்டி கொஞ்சம் சிக்கலான விஷயம். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. வெளி மெக்கானிக்கிட்ட போனாலே மொத்த வாரன்டியும் ரத்துன்னு பொத்தாம் பொதுவா நிபந்தனை போடக் கூடாதுன்னும் அந்த உத்தரவுல சொன்னாங்க. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. ஆனா இதைப் படிச்சுட்டு தைரியமா ஸ்பேனரை எடுக்காதீங்க. அந்த உத்தரவே, வெளி வேலை சரியில்லாம ஏற்பட்ட சேதத்தைப் பொறுத்த அளவுக்கு வாரன்டியை மறுக்க இடம் கொடுக்குது. மெக்கானிக் செஞ்சா பில் இருக்கும். நீங்க செஞ்சா, சரியா செஞ்சீங்கன்னு காட்ட என்ன இருக்கு? வாரன்டி ஓடுற வரைக்கும் ஃபில்டர், வைப்பரோட நிறுத்திக்குங்க. கம்பெனி லீஸ் கார்னா அதுவும் ஒப்பந்தத்தைப் படிச்ச பிறகு.

எல்லாம் கேட்ட பிறகும் ஆயிலை நானே மாத்துறேன்னு சொல்றவங்க உண்டு. பிடிச்சு செய்றவங்களைத் தடுக்க எனக்கு மனசில்ல, அது நல்ல பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குப் பதிலா சனிக்கிழமை காலையில ஆரம்பிங்க, கடை திறந்திருக்கும். புது வாஷரோட ஒரு ஸ்பேர் ட்ரெயின் போல்ட்டையும் முன்னாடியே வாங்கி வெச்சுக்குங்க. முதல் ரெண்டு மூணு சுத்து கையாலதான் முடுக்கணும், அப்புறம் மேனுவல்ல இருக்கிற டார்க் அளவுக்கு. வீட்டுக்கு வரக்கூடிய ஒரு மெக்கானிக் நம்பர் போன்ல இருக்கட்டும். ட்ரேடிங்ல போடுற மாதிரி ஸ்டாப் லாஸும் போடுங்க. ஒரு போல்ட் 20 நிமிஷத்துல வரலைன்னா, தலை வழுக்குறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டு போன் பண்ணுங்க. வழுக்கின போல்ட்டை எடுக்க அவர் கேக்கிற காசு தனி.

உண்மையைச் சொன்னா, உங்க பில்லுல பெரிய தொகை லேபரா இருக்காது. வண்டியை விடும்போது ஜாப் கார்டைப் படிச்சுப் பாருங்க. டீகார்பனைசிங், ஏசி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், இன்ஜின் டிரெஸ்ஸிங்னு வரிசையா இருக்கும். மேனுவலோட சர்வீஸ் அட்டவணையில இந்த கிலோமீட்டருக்கு இது இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா வேண்டாம்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. கையில ஒரு சொட்டு ஆயில் படாம, மரை எதுவும் போகாம மிச்சமாகுற காசு அது.

வடிச்ச பழைய ஆயிலை சாக்கடையில ஊத்திடாதீங்க. 2016 விதிகள்படி அது அபாயகரக் கழிவு. கேன்ல பிடிச்சு ஏரியா கராஜ்ல கொடுத்தா வாங்கிப்பாங்க. பார்ட்ஸ் பில், ஓடோமீட்டர் போட்டோ, தேதி மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. காரை விக்கும்போது சர்வீஸ் ஹிஸ்டரி எங்கன்னு கேப்பாங்க.