தாளம் கேட்டு நடக்கும் கால்கள்

பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீடு திரும்புகிறவரை அடுத்து வாட்டுவது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். ஒரு கால் சொன்னபடி கேட்கும். மறு கால் இழுத்துக்கொண்டு வரும். வீட்டாரும் பயந்துபோய் அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். நடக்காமலே இருந்தால் நல்ல காலும் பலம் இழந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களை நடக்க வைக்க இசை கைகொடுக்கிறது. இசை சிகிச்சை என்றதும் மனதை அமைதிப்படுத்தும் ராகங்கள்தான் நம் நினைவுக்கு வரும். நடைப் பயிற்சிக்கோ தாளம்தான் முக்கியம்.

தைப்பூசத்தில் உருமி மேளம் முழங்கும்போது, ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவரின் காலும் தானாகத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காதில் விழும் சீரான அடி, மூளையில் அசைவுகளை இயக்கும் பகுதிகளையும் தூண்டுகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரிவதால், காலை எப்போது தூக்குவது, எப்போது ஊன்றுவது என்று மூளை தயாராகிவிடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் தாட் குழுவினர் 1997-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த 20 பேருக்கு 6 வாரம், நாளுக்கு இருமுறை நடைப் பயிற்சி. பாதிப் பேர் தாளத்தோடு நடந்தார்கள். மற்றவர்கள் தாளமில்லாமல் நடந்தார்கள். தாளத்தோடு நடந்தவர்களின் நடை நீளம் 88 விழுக்காடு கூடியது. மற்றவர்களுக்கு 34 விழுக்காடுதான். 2007-இல் 78 பேரிடம் நடத்திய ஆய்விலும் தாளத்துக்கே வெற்றி.

எந்தப் பாட்டையும் போட்டுவிட்டு நடக்கச் சொன்னால் போதுமா? போதாது. நோயாளி ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று பிசியோதெரபிஸ்ட் முதலில் எண்ணுவார். 60 அடி என்றால், தாளமும் நிமிடத்துக்கு 60. நடை சீரானதும் 63, பிறகு 66 என்று சிறிது சிறிதாகக் கூட்டுவார். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ரோனோம் செயலியே இதற்குப் போதும். பாட்டு வேண்டுமென்றால், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணக்கூடிய, நடுவில் வேகம் மாறாத பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். அவர் இளவயதில் ரசித்த பாட்டு என்றால் இன்னும் நல்லது. குத்துப்பாட்டு முதல் நாளே வேண்டாம். கடைசிக் கட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, மனதில் ஓடும் தாளத்தோடு நடக்கப் பழக்குவார்கள்.

சமநிலைக்கும் இப்படியே பயிற்சி உண்டு. உறுதியான மேசையைப் பிடித்து நின்றபடி, தாளத்துக்கு ஏற்ப உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பயிற்சியை மட்டும் வீட்டில் செய்யுங்கள். உதவுகிறவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். வழியில் கால்மிதி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. வழுக்கும் சிலிப்பர் வேண்டாம். தலைசுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். தாளம் பிசியோதெரபிக்குத் துணைதான். மருந்துக்கும் சிகிச்சைக்கும் மாற்றாகாது.

கோலா சுங்கை பாரு போன்ற ஊர்களிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் சிகிச்சைக்காக அலோர் காஜாவுக்கோ மலாக்காவுக்கோ தினமும் போய்வர முடியாது. மற்ற நாள்களில் வீடுதான் பயிற்சிக்கூடம். 1996-இல் தொடங்கிய மலேசிய தேசிய பக்கவாதச் சங்கத்துக்கு மலாக்காவிலும் மையம் உண்டு. அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வார இறுதியில் வரும்போது அப்பாவின் கைப்பேசியில் சரியான வேகத்தில் பத்துப் பாட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். அதற்கு முன், அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது பிசியோதெரபிஸ்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அப்பா இப்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார்?”