சூசன்னா வெஸ்லி அம்மையார்

மெதடிஸ்டு சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லியையும், ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய அவர் தம்பி சார்லஸையும் அறியாதார் நம்முள் மிகச் சிலரே. அவ்விருவரையும் ஈன்ற அன்னையாரைப் பற்றியோவெனில், அவர் 19 பிள்ளைகளைப் பெற்றவர் என்பதற்கு மேல் நம்மிற் பலர் அறியோம். அவ்வம்மையாரின் வாழ்க்கையில் நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் ஒரு பங்குண்டு என்பது எனக்குப் பெருவியப்பை அளித்தமையால், அதனை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

சூசன்னா 1669-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவர் தந்தையார் சாமுவேல் ஆன்ஸ்லி என்பார், அரசாங்கத் திருச்சபையின் ஒழுங்குகளுக்கு உடன்படாது விலகி நின்ற போதகர்களுள் பெயர் பெற்றவர். மகளோ ஏறக்குறையப் பதின்மூன்று வயதிலேயே இருதிறத்தார் வாதங்களையும் தாமே சீர்தூக்கிப் பார்த்து, தந்தை விட்டு வந்த அத்திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்னும் திருப்பணியாளரை மணந்தார். பின்னர் லிங்கன் நாட்டுப்புறத்தில் எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருமனையே அவருக்கு நாற்பதாண்டுக் காலம் இல்லமாயிற்று.

அவ்வில்லறம் எளியதன்று. கணவர் கல்விமான், ஆயினும் கடன் அவரை விட்டு நீங்கவில்லை. 1702-இல் வில்லியம் அரசனுக்காகக் கணவர் செய்த ஜெபத்திற்கு மனைவியார் ‘ஆமென்’ சொல்லாமையால், அவர் மனைவியைப் பிரிந்து சில மாதங்கள் இலண்டனில் இருந்துவிட்டார் என்றால் இருவரின் மனவுறுதியும் விளங்கும். 1705-இல் கடனுக்காக அவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டபோது, அம்மையார் தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். உணவுக்கு முட்டுண்டாயிற்றோ என்று யார்க் நகரத்து அத்தியட்சர் வினவியதற்கு, அப்பம் இல்லாமற் போனதில்லையென்றும், அதனைத் தேடுவதிலும் அதற்குரிய விலையைக் கொடுப்பதிலும் பட்ட பாட்டினால் அது உண்ண இனிக்கவில்லையென்றும் விடையிறுத்தாராம். பிறந்த பிள்ளைகளுள் ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர்.

எஞ்சிய பதின்மருக்கும் வீடே பள்ளி, அன்னையே ஆசிரியை. ஐந்தாம் பிறந்தநாளுக்கு மறுநாள் பாடம் தொடங்கும். ஒருநாள் ஆறு மணி நேரத்திற்குள் நெடுங்கணக்கு முழுவதையும் கற்றாக வேண்டும். இரண்டு பெண்களுக்கு மாத்திரம் ஒன்றரை நாள் ஆயிற்றென்று அவரே எழுதியிருக்கின்றார். எழுத்து முடிந்ததும் ஆதியாகமம் முதல் அதிகாரம். ஒரு வயதுக் குழந்தையும் அழுதால் மெல்ல அழவேண்டும் என்ற அவர் கண்டிப்பை இக்காலத்தார் ஒப்பார், நானும் ஒப்பேன். ஆனால் நன்றாக வாசிக்கக் கற்கும் முன்னர் எந்தப் பெண்பிள்ளைக்கும் தையல் முதலிய வேலைகளைக் கற்பிக்கலாகாது என்று அவர் வகுத்த விதியையும் உடன்வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். முந்நூறாண்டுகளுக்கு முன் அவ்வாறு சொன்ன தாய்மார் எத்தனைபேர்!

1709-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓரிரவு குருமனை தீப்பற்றியது. கருவுற்றிருந்த அம்மையார் தீயினூடே நடந்து வெளிவந்தார். மேல்மாடியில் அகப்பட்ட ஐந்து வயது ஜானை, ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறிச் சாளரத்தின் வழியே இழுத்துக் காத்தனர். பின்பு கூரை வீழ்ந்தது. வீடிழந்த பிள்ளைகள் பலர் இல்லங்களிற் சிதறி வளர்ந்தமையால் முன்னைய ஒழுங்கு குலைந்தது. புதுமனையில் அவர்களை மீண்டும் ஒன்று சேர்த்த அன்னையின் உள்ளத்தில் அக்கவலை இருந்துகொண்டே இருந்தது.

இந்நிலையிலேதான் தரங்கம்பாடி அவர் இல்லத்திற்குள் நுழைந்தது. டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலையில் சீகன்பால்க் ஐயரும் புளூட்சௌ ஐயரும் தரங்கம்பாடியில் வந்திறங்கிய வரலாறும், சீகன்பால்க் நம் சிறுவரோடு மணலில் அமர்ந்து விரலால் அ, ஆ எழுதிப் பழகிய வரலாறும் நாம் அறிந்தவை. அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி வெளிவந்தன. 1711-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டிக் கணவர் இலண்டன் சென்றிருந்தபோது, மூத்த மகள் எமிலியா தந்தையின் படிப்பறையில் அந்நூலைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். அதைக் கேட்ட அம்மையார் பல நாள் வேறொன்றையும் நினைக்க இயலாதவரானார். தாம் கடல் கடந்து செல்லும் ஆணுமல்லர், குருவுமல்லர். ஆயினும் தம் கைக்கெட்டிய ஆத்துமாக்களுக்கு இன்னும் அதிகம் செய்யலாமே என்று உறுதிபூண்டார். அன்று முதல் மாலைதோறும் ஒவ்வொரு பிள்ளையோடு தனித்திருந்து பேசுவதென்று முறை வகுத்தார். செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் எட்டு வயது ஜானுக்கு, சனி நான்கு வயதுச் சார்லஸுக்கு.

ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் சமையலறையிற் பிரசங்கங்களை வாசித்து ஜெபித்து வந்தார். அயலார் கேட்க வந்தனர். வரவர இருநூறு பேருக்கு மேலாயினர். இடமின்றித் திரும்பினோரும் உண்டு. ஊரிலிருந்த உதவிக் குருவுக்கு இது பொறுக்கவில்லை. ஸ்திரீ ஒருத்தி சபை நடத்துவதா என்று இலண்டனுக்கு எழுதினார். கணவரும் நிறுத்திவிடும்படி எழுதினார். 1712 பெப்ரவரியில் அம்மையார் விடுத்த மறுமொழிகள் பணிவும் உறுதியும் ஒருங்கே அமைந்தவை. நிறுத்துவது உமது விருப்பம் என்று சொன்னால் என் மனச்சாட்சி அமையாது. தெளிவாகக் கட்டளையிடும், அப்பொழுது கர்த்தரின் நியாயத்தீர்ப்பில் அப்பொறுப்பு உம்முடையதாகும், என்பது அவர் கருத்து. கணவர் கட்டளையிடவில்லை.

எல்லாம் இனிதாய் முடிந்ததென்று எழுத இயலாது. தந்தையின் சினத்துக்கு ஆளான ஹெட்டி, கவி புனையும் ஆற்றல் வாய்ந்தவள், தனக்கு ஒவ்வாத ஒருவனை மணந்து துயருற்றாள். அன்னையால் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் 1732-இல், ஆக்ஸ்போர்டில் ஆசிரியராயிருந்த ஜான், முன்பு வியாழன் மாலையில் தமக்கு அளித்த அச்சிறிது நேரத்தை இப்பொழுதும் அளிக்க இயலுமா என்று தாய்க்கு எழுதிக் கேட்டார்.

1735-இல் கைம்பெண்ணான அம்மையார், இறுதி நாட்களை இலண்டனில் ஜானுடைய கூட்டம் கூடும் இல்லத்திற் கழித்து, 1742 ஜூலையில் இறைவனடி சேர்ந்தார். தம் உயிர் பிரிந்தவுடன் துதியின் சங்கீதம் பாடும்படி முன்னரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் படுக்கையைச் சூழ்ந்து நின்று பாடினர். ஆகஸ்டு முதல் தேதி, எண்ணற்ற மக்கள் கூடியிருக்க, ஜானே அடக்க ஆராதனையை நடத்தினார். அடக்கம் செய்த இடம் பன்ஹில் கல்லறை. மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் முதலாக, அரசாங்கத் திருச்சபையினின்று விலகி நின்றோர் பலர் துயிலும் இடம் அது.