வில்வணக்கமும் இருகை ஒப்பும்

திருக்குறளின் 83-ஆம் அதிகாரமாகிய கூடாநட்பில், பகைவரின் சொல்வணக்கத்திற்கு வில்லின் வணக்கம் உவமையாக வருகின்றது. வில் வளைதல் பணிவன்று. தீங்கு செய்யும் ஆற்றலைத் தன்னுள் சேர்த்தலாகும். அவ்வளைவு இருபுறமும் ஒத்து அமையாவிடின் வில் தானே முறிதலும் கூடும். மரவில்லில் அவ்வொப்பு எய்தப்பெறும் முறையை, சான்றுகள் மிக்க ஆங்கில நெடுவில்லைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

ஆங்கில நெடுவில்லுக்குச் சிறந்தது யூ மரம். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளிக்கொணரப்பட்ட 'மேரி ரோசு' என்னும் போர்க்கப்பலிலிருந்து இம்மரவிற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. அகத்தே காழுடையதை மரம் எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கும். யூ மரத்தின் காழ் அமுக்கத்தையும், அதனைச் சூழ்ந்த வெளிறு இழுப்பையும் நன்கு தாங்கும். ஆதலின் காழ் எய்வோனை நோக்கிய வயிற்றுப்புறமாகவும் வெளிறு முதுகுப்புறமாகவும் அமையும். பிடியிலிருந்து குதை வரை நீளும் பகுதிகளை மேற்கை, கீழ்க்கை எனக் கொள்வோம்.

செதுக்கிய வில்லை ஒரு தாங்கியில் கிடையாக அமர்த்தி, நாணைச் சிறிது சிறிதாகக் கீழிழுத்து, எட்ட நின்று வளைவை நோக்குவர். நாண் பூட்டிய நிலையில், இரு கைகளிலும் ஒத்த இடங்களில் நாணுக்கும் கைக்கும் உள்ள தொலைவை அளப்பதும் உண்டு. தொலைவு குறைந்த கையே வலிய கை. எய்வோன் பிடிக்கும் இடம் நடுவிற்குச் சற்றுக் கீழே அமைதலின், கீழ்க்கையைச் சிறிதளவு வலிதாக விடும் வழக்கமும் உண்டு.

திருத்தத்தின் அடிப்படை விதி ஒன்றே: மெலிந்த இடத்தைத் தொடலாகாது, வலிய இடத்தையே சுரண்டுதல் வேண்டும். நீக்கிய மரத்தை மீளச் சேர்த்தல் இயலாது. வில்லின் விறைப்பு அகலத்தை நேராகவும், தடிப்பின் மும்மடியையும் பொறுத்தது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு நூற்றுக்கு 10 குறையும். தடிப்பில் அவ்வளவே குறைந்தால் ஏறத்தாழ 27 குறையும். எனவே வயிற்றுப்புறத்தில் மெல்லிய சீவல்களையே எடுத்து, ஒவ்வொரு முறையும் வில்லைப் பன்முறை சிறிதளவு வளைத்துப் பழக்கிய பின்னரே மீண்டும் நோக்குவர். வளைவு சீராகும் முன் முழு அளவிற்கு இழுத்தல் கூடாது. இழுப்பின், மெலிந்த இடத்தின் வயிற்றுப்புற இழைகள் நசுங்கும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். மரத்திலேயே இயல்பாகக் கோணல் இருப்பின் யாது செய்வது? வடிவு வேறு, வளைவு வேறு என்பதே விடை. நாண் ஏறாத நிலையில் முன்னோக்கிக் குழிந்த இடம், இழுத்த நிலையில் விறைப்பாகத் தோன்றும். தோற்றத்தை நம்பி அதனைச் சுரண்டினால் அவ்விடமே மெலிந்துவிடும். இழுப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடே உண்மை வளைவு.

மேரி ரோசு மூழ்கிய அதே 1545-இல் வெளிவந்த 'டாக்சோபிலசு' என்னும் நூலில், கேம்பிரிட்சுப் புலவர் ரோசர் ஆசுகாம், வில்லை எய்து பார்த்து மிகுதியாக வளையும் இடத்தைக் கண்டு காலத்தே காக்க வேண்டும் என வலியுறுத்தினார்.

இத்திருத்தத்தை ஆங்கிலத்தில் 'டில்லரிங்' என்பர். வள்ளுவர் ஆண்ட சொல் நம்மிடம் இருத்தலின், அதனை 'வணக்கத் திருத்தம்' எனல் பொருந்தும்.